யப்பானுக்குப் புறப்பட்ட நோன்பாளி

பிறநாட்டுப் பிரயாணம் என்றதும் நம்மவர் பெரும்பாலும் எண்ணுவன மூன்று: கடவுச்சீட்டு, விசா, பணம். இம்மூன்றும் கைகூடினால் மிகுதியைப் பெட்டிக்குள் அடைத்துவிடலாம் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் நாளொன்றுக்கு ஐந்து வேளை இன்ன திசையை நோக்கி நிற்றல் வேண்டும், இன்னது உண்ணலாம், இன்னதைத் தொடவும் ஆகாது என்னும் ஒழுங்கோடு வாழும் ஒருவர் முதன்முறையாகக் கடல் கடக்கும்போது, அவர் கட்டவேண்டிய மூட்டை வேறு. அந்த மூட்டை கட்டப்படுவதை அருகிலிருந்து காணும் வாய்ப்பு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எமக்குக் கிட்டிற்று. நாம் சைவர், பிரயாணம் செய்யவிருந்தவர் எம்மோடு ஒரே கல்லூரியிற் கணிதம் கற்பிக்கும் முஸ்லிம் நண்பர். ஐம்பது வயதாகியும் அவர் இலங்கைக் கரையைத் தாண்டியவரல்லர்.

அவருடைய மூத்த மகன் யப்பான் தேசத்துக் கோபே நகரிற் பொறியியல் கற்றவன். அந்நாட்டிற் கல்வியாண்டு ஏப்பிரிலில் தொடங்கி மார்ச்சில் முடிகின்றது. ஆதலாற் பட்டமளிப்பும் மார்ச் மாதத்தில். மாணவர் கிழமைக்கு 28 மணித்தியாலம் வரை வேலை செய்ய அங்கே அனுமதி உண்டு. அந்த மணித்தியாலங்களை ஒரு சில்லறைக் கடையில் நின்று கழித்து, தன் செலவைத் தானே பார்த்துக்கொண்ட பிள்ளை அவன். நான்கு ஆண்டுகளில் வீட்டாரிடம் அவன் கேட்டது ஒன்றுதான்: “வாப்பா, பட்டம் வாங்கும் நாளில் எல்லாருடைய பக்கத்திலும் ஒருவர் நிற்பார். என் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.”

இதிற் சிக்கல் யாதெனின், நண்பரின் வங்கிப் புத்தகத்தில் இருந்த பணம் வேறொரு பிரயாணத்துக்கு உரியது. எழுபத்தெட்டு வயதான தம் தாயாரை உம்றாவுக்கு அழைத்துச் செல்வதற்கென்று ஏழெட்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தது அது. 2022ஆம் ஆண்டு நாணய மதிப்பு சரிந்தபோது, சேமிப்பு அப்படியே இருக்க மக்கா மட்டும் தூரமாகிப் போனதை அவர் எம்மிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்ததுண்டு. அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இருக்கவில்லை. மறுபடியும் சேர்த்தார். இப்போது ஒருவாறு தொகை நிரம்பும் வேளையிற் பிள்ளையின் கடிதம் வந்தது.

மகன் மாணவன், தந்தையின் செலவுக்கு உத்தரவாதியாக நிற்பதற்குரிய வருமானம் அவனிடம் இல்லை. எனவே விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, மகனின் அழைப்புக் கடிதத்தோடும் தங்கும் நாட்களின் நிரலோடும், தம் செலவைத் தாமே தாங்கவல்லவர் என்பதற்குச் சான்றாக வங்கிக் கணக்கையும் காட்டியாக வேண்டும். உம்மாவின் உம்றாப் பணத்தை மேசைமேல் வைத்துத்தான் யப்பானுக்கு விசாக் கேட்க வேண்டும் என்ற நிலை. நண்பர் இரண்டு கிழமை விண்ணப்பப் படிவத்தைத் தொடவில்லை.

சமய வழியிலும் அவருக்கு ஐயம் இருந்தது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலார் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, இயன்றவருக்கு ஹஜ்ஜைப் போலவே உம்றாவும் வாழ்நாளில் ஒருமுறை கடமையாகும். கடமையை ஒருபுறம் நிறுத்திவிட்டு முதற் பிரயாணத்தை வேறு திசைக்குச் செய்யலாமா என்பது கேள்வி. அவர் மௌலவி ஒருவரிடம் சென்று கேட்டார். செய்வேன் என்ற உறுதி நெஞ்சில் இருக்குமாயின் உடனே செய்துதான் ஆகவேண்டும் என்று இந்த மத்ஹப் நெருக்குவதில்லை, பிற்போடலாம் என்பது விடை. “சட்டம் இடங்கொடுக்கிறது, மாஸ்டர். உம்மாவின் வயது இடங்கொடுக்குமா?” என்று நண்பர் எம்மிடம் கேட்டார். மௌலவி சொல்லக்கூடியதைச் சொல்லிவிட்டார். இதற்கு விடை சொல்ல வேண்டியவர் புத்தளத்தில் இருந்தார்.

கடல் கடப்பதற்கு முன் தாயின் முகத்தைப் பார்ப்பது எம்மவர்க்கும் புதிதன்று. 1888ஆம் ஆண்டு இலண்டன் புறப்பட்ட காந்தியடிகள், மதுவும் மாமிசமும் மாதரும் தீண்டேன் என்று தாய்க்கு வாக்களித்த பின்னரே கப்பல் ஏறினார். அவ்வாறு ஏறியதற்காகவே சாதியாரால் விலக்கப்பட்டார். 1914இற் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுசனும் தாயின் இசைவு கிடைக்கும் வரை காத்திருந்தவர். அங்கே தம் மரக்கறி உணவைத் தாமே சமைத்து உண்டவர். கணித ஆசிரியரான எம் நண்பருக்கு இரண்டாவது உதாரணம் பிடித்திருந்தது. முதலாவதை அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை புத்தளத்துக்கு நாமும் உடன் சென்றோம். வாசகர்களில் இளையோர்க்கு இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நண்பர் பிறந்தது யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில். 1990ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலும் ஏறக்குறைய எழுபதினாயிரம் பேர். அவர்களிற் பெருந்தொகையினர் சென்று தங்கியது புத்தளத்தில். நண்பருக்கு அப்போது பதினாறு வயது. ஓலைக் கொட்டிலில் இருந்து படித்து, அங்கேயே சாதாரண தரப் பரீட்சை எழுதினார். போர் முடிந்த பின்னர் அவர் ஆசிரியராக யாழ்ப்பாணம் திரும்பினார், உம்மா திரும்பவில்லை. பெட்டி கட்டுவது என்றாலே அவருக்கு ஆகாது.

அம்மையார் எமக்குத் தேநீர் தந்தார். மகன் சொல்வதை எல்லாம் கேட்டு முடித்து, மகனிடமன்றி எம்மிடமே பேசினார்: “தம்பி, இவர் பரீட்சை எழுதின காலத்தில் இவருடைய வாப்பா உப்பளத்தில் கூலிக்கு நின்றவர். நல்ல பெறுபேறு வந்தது. அதைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. நான்கூட அன்றைக்குத் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். பேரப்பிள்ளை அந்த ஊரில் தனியே நிற்கக் கூடாது.” பின்னர் மகனைப் பார்த்து, “மக்கா அங்கேதான் இருக்கும்” என்றார். அவ்வளவே. நண்பர் தலைகுனிந்து இருந்தார். மேலும் வாதிக்க அவருக்கு நெஞ்சு வரவில்லை, எமக்கும் வரவில்லை.

திரும்பும் வழியில், 1325ஆம் ஆண்டு இருபத்தொரு வயதில் மக்காவை நோக்கி வீட்டைவிட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, பிரயாணம் நீண்டு நீண்டு 1344இல் இலங்கைக்கு வந்ததையும், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளம் என்று கருதப்படும் துறையிலே சந்தித்ததையும் நாம் எடுத்துச் சொன்னோம். மக்காவுக்குப் புறப்பட்டவர் புத்தளத்துக்கு வந்தார். புத்தளத்திலிருந்து ஒருவர் யப்பானுக்குப் போனால் என்ன என்பது எம் வாதம். நண்பர் இதற்குச் சிரித்தார். இம்முறை உண்மையாகவே சிரித்தார்.

இனி ஆயத்தம். 2025இல் மார்ச் மாதம் ஏறக்குறைய முழுவதும் ரமழான் நோன்புக் காலம். பட்டமளிப்பு அம்மாதத்தின் பிற்பகுதியில். பிரயாணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகை உண்டென்பது பலரும் அறிந்ததே. ஆயின் அந்தச் சலுகையின் எல்லை எது என்பதில்தான் நுட்பம் இருக்கின்றது. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் ஓரிடத்திலே தங்கும் எண்ணத்தோடு ஒருவர் சென்றால், அவ்விடத்தை அடைந்ததும் அவர் பிரயாணி அல்லர் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. நண்பர் கோபேயிற் பத்து நாட்களுக்கு மேல் தங்கவிருந்தார். ஆகவே அங்கே அவர் முழு நோன்பாளி, முழுத் தொழுகையாளி. சலுகை வழியில் மாத்திரமே. அதிலும், வைகறைக்கு முன்னரே ஊரெல்லையைக் கடந்து புறப்பட்டவருக்குத்தான் அன்றைய நோன்பை விடும் உரிமை. அவருடைய விமானம் கட்டுநாயக்காவிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படுவது. எனவே போகும் நாளில் விடலாம். திரும்பும் நாளிற் கோபேயை விட்டுக் கிளம்புவது விடிந்த பிறகு. எனவே அன்று நோற்க வேண்டும். இத்தனை நுட்பமான சட்டத்தை ஒரு கேத்திரகணித நிறுவலைப் போல அவர் தாளில் எழுதிவைத்திருந்ததைக் கண்டு நாம் வியந்தோம்.

யப்பான் குளிர்நாடு, பகல் நீளும், பசி கூடும் என்று ஆசிரியர் அறையிற் சிலர் அவரைப் பயமுறுத்தினார்கள். பசி கூடலாம், பகல் நீளாது. மார்ச் 20, 21ஆம் திகதிகளிற் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே நிற்கின்றது. உலகம் முழுவதிலும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒப்பன. அந்நாட்களில் யாழ்ப்பாணத்து நோன்புக்கும் கோபே நோன்புக்கும் வித்தியாசம் அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. நீள்வது திரும்பும் நாளிலேயே. மேற்கு நோக்கிப் பறப்பவருடைய பகலைச் சூரியன் விடாமல் துரத்துகின்றது. விமானத்தில் இருப்பவர் கொழும்பு மணிக்கூட்டையோ கோபே மணிக்கூட்டையோ பார்த்து நோன்பு திறத்தல் ஆகாது. தாம் இருக்கும் இடத்தில், தம் கண்ணுக்குச் சூரியன் மறைய வேண்டும். மேலே பறக்கும்போது அடிவானம் தாழ்ந்து தெரிவதனால் அது நிலத்தில் இருப்பவருக்கு மறைந்து சில நிமிடங்கள் கழித்தே மறையும். கோபேயில் வைகறைக்கு முன் உண்டு, கோலாலம்பூரில் நோன்பு திறந்தால், அந்த நோன்பு 16 மணித்தியாலம் என்று நண்பர் கணக்கிட்டார்.

கிப்லாவின் கணக்கு எமக்கு மிக்க இன்பம் தந்தது. ஆசிரியர் அறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்திற் பார்த்தால், மக்கா யப்பானுக்குத் தென்மேற்கே கிடக்கின்றது. ஆனால் அது தட்டையான தாள், பூமி உருண்டை. புவியியல் அறையிலிருந்து பூகோள உருண்டையைக் கொணர்வித்து, ஒரு நூலின் ஒரு முனையைக் கோபேயிலும் மறுமுனையை மக்காவிலும் வைத்து இறுக்கிப் பிடித்தோம். நூல் யப்பானை விட்டுக் கொரியா, சீனா வழியாக வடமேற்கே கிளம்பியது! மாணவர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். நண்பர் கரும்பலகையிற் கோளத் திரிகோண கணிதத்தாற் செய்து காட்டினார்: வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால், யாழ்ப்பாணத்திலிருந்து கிப்லா ஏறத்தாழ 292 பாகை, கோபேயிலிருந்து ஏறத்தாழ 291 பாகை. ஒரு பாகைதான் வித்தியாசம். ஆறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலும் அவர் இங்கே திரும்பும் அதே பக்கமே திரும்ப வேண்டும். ஆனால் காந்த ஊசியை நம்புவோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கோபேயில் அது உண்மையான வடக்கிலிருந்து ஏறக்குறைய 8 பாகை மேற்கே சாய்ந்து நிற்கும். இவ்வகைக் கணக்கு புதியதன்று. கஸ்னி நகரின் கிப்லாவைத் துணிவதற்கென்றே அல்பிரூனி ஒரு நூல் முழுவதும் எழுதி 1025இல் முடித்தார். தொழுகைக்காகக் கணிதம் இவ்வளவு தூரம் வளர்ந்த கதையை எங்கள் பாடநூல்களில் யாராவது இரண்டு பக்கமேனும் எழுதினால் நன்று.

தொழுகையின் நேர ஒழுங்கும் வழியில் மாறும். பிரயாணி லுஹர், அஸர், இஷா என்னும் நான்கு றக்அத்துத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். சுபஹும் மஃரிபும் சுருங்கா. இரண்டு தொழுகைகளைச் சேர்த்தும் தொழலாம். ஆகவே லுஹரையும் அஸரையும் கோலாலம்பூர் விமான நிலையத்துத் தொழுகை அறையிலே சேர்த்துத் தொழுதுவிட்டு ஏறினால், ஆகாயத்தில் இடைவழியில் நின்று அல்லற்பட வேண்டியதில்லை. மஃரிபையும் இஷாவையும் இறங்கிய பின் சேர்த்துக் கொள்ளலாம். ஆனால் கோபேயை அடைவதற்கு முன், கடலை நிரப்பிக் கட்டிய கன்சாய் விமான நிலையத்திலேயே தொழுதாக வேண்டும். ஊரை அடைந்தால் பிரயாணி என்ற பட்டம் போய்விடும் அன்றோ!

ஒளு எடுப்பதில் ஒரு சங்கடம். பொது இடத்துக் கைகழுவும் தொட்டியிற் காலைத் தூக்கி வைத்தால் யப்பானியர் முகம் சுளிப்பார்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. இதற்குத் தோற் காலுறை உதவும். முழுமையாக ஒளு எடுத்து அதை அணிந்துகொண்டால், பின்னர் காலைக் கழுவுவதற்குப் பதிலாக ஈரக்கையால் அதன்மேல் தடவினாற் போதும். ஊரில் இருப்பவருக்கு ஒரு நாள், பிரயாணிக்கு மூன்று நாள் வரை அது செல்லும். மற்றொரு தேவைக்கு, மேனாடு செல்லும் நம்மவர் எல்லோரும், சமய பேதமின்றி, போத்தலைத் தேடி அலைவார்கள். யப்பானில் அந்தக் கவலை இல்லை. 1980இல் டோட்டோ நிறுவனம் ‘வொஷ்லெட்’ என்ற பெயரில் நீர் பீச்சும் கருவியை விற்கத் தொடங்கியது முதல், அது அந்நாட்டில் எங்கும் பரவிவிட்டது. இளஞ்சூட்டு நீர் என்று மகன் எழுதியிருந்ததை நண்பர் எமக்கு வாசித்துக் காட்டியபோது ஆசிரியர் அறையே ஆரவாரித்தது.

உணவுக்கு வருவோம். விமானத்தில் முஸ்லிம் உணவு வேண்டுவோர் பிரயாணத்துக்கு ஒரு நாளேனும் முன்பாக ‘எம். ஓ. எம். எல்.’ என்ற குறியீட்டைச் சொல்லிப் பதிய வேண்டும். இவ்விடத்தில் எம் சைவ வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: ‘இந்து உணவு’ என்ற பெயரில் ‘எச். என். எம். எல்.’ என்று ஒன்று உண்டு. பெயரைக் கண்டு மகிழ்ந்து அதைக் கேட்டுவிடாதீர்கள்; மாட்டிறைச்சி இராதே தவிர ஆடும் கோழியும் வந்து சேரலாம். சைவச் சாப்பாட்டுக்குரிய குறியீடு ‘ஏ. வி. எம். எல்.’

கோபே என்றதும் உலகம் நினைப்பது அதன் மாட்டிறைச்சியை. முறைப்படி அறுக்கப்படாதது ஆகையால் நண்பருக்கு ஆகாது. எமக்கு எப்படியும் ஆகாது. வெளிப்படையாகத் தெரியும் இறைச்சியாற் பயமில்லை, மறைந்திருப்பதுதான் பயம். சமையலுக்கு ஊற்றும் மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவில் நூற்றுக்கு 14 பங்கு வரை மதுசாரம் உண்டு. மீன் கடலிலிருந்து வந்தது, ஹலால். ஆயினும் மிரினில் ஊறியதாயின் நண்பர் தொடார். இனிப்புப் பண்டங்களில் ஜெலற்றின், பாணிற் பன்றிக் கொழுப்பு என்று பட்டியல் நீளும். சில்லறைக் கடையில் நின்ற மகன் அல்லவா, பொதிகளின் பின்புறத்தில் வரும் பத்துச் சொற்களைப் பெரிய எழுத்தில் வரைந்து, எதிரே தமிழிற் பொருள் எழுதி அனுப்பியிருந்தான். பன்றிக்குரிய எழுத்தை நண்பர் விடுகை வகுப்புப் பிள்ளையைப் போல இருபது தடவை எழுதிப் பழகினார்.

யப்பானிய இரசங்களுக்கெல்லாம் அடிப்படையான சாறு எது தெரியுமா? சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல உலர்த்திச் சீவியது. நம்மூர்ச் சம்பலுக்கு இடிக்கும் மாசிக்கு அது உடன்பிறப்பு. நண்பருக்கு அதனால் ஒரு தடையும் இல்லை. ‘வெறும் மரக்கறிச் சூப்’ என்று நம்பிக் குடிக்கும் சைவர்தாம் தப்ப முடியாது. எங்கள் இருவரில் யாருக்கு யப்பான் கடினம் என்று பார்த்தால், எமக்குத்தான் என்பது அன்று தெளிவாயிற்று.

உம்மா புத்தளத்திலிருந்து ஒரு பொதி அனுப்பினார்: பேரீச்சம்பழம், வறுத்த அரிசிமா, மாசிச் சம்பல், இறைச்சி வற்றல். இறைச்சி வகைகளை யப்பானுக்குள் கொண்டு செல்ல விடார் என்பதனால் வற்றல் மட்டும் எங்கள் ஊரிலேயே தங்கிற்று. மற்றவை சென்றன. நோன்பு திறக்கும் வேளைக்குப் பள்ளிவாசல் இருக்கின்றது என்று மகன் எழுதியிருந்தான். யப்பானின் முதற் பள்ளிவாசல் கோபேயிலேயே உள்ளது. 1935இல், அங்கே வணிகஞ் செய்த இந்திய முஸ்லிம்களும் தாத்தாரியரும் பொருளுதவி செய்து கட்டியது. 1945இல் நகரின்மேற் குண்டுமாரி பொழிந்தபோதும், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட 1995 சனவரிப் பூகம்பத்தின்போதும் சுற்றிலும் எல்லாம் சரிய, அக்கட்டடம் நின்றது. இதை நண்பர் தாயாருக்குத் தொலைபேசியிற் சொன்னபோது, மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை என்றார்.

நண்பர் போனார், பட்டமளிப்பு நாளில் நோன்போடு மகன் பக்கத்தில் நின்றார், பெருநாளுக்கு முன்னரே வந்து சேர்ந்தார். கோலாலம்பூரில் அந்தப் பதினாறு மணித்தியால நோன்பைத் திறந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க் கிழவர் ஒருவர் கேளாமலே தம் பழத்திற் பாதியைப் பிட்டுக் கொடுத்தாராம். பிரயாணத்தைப் பற்றி அவர் எமக்கு விரிவாகச் சொன்னது அது ஒன்றே.

போகும் வழியில் விட்ட ஒரு நோன்பு கடனாக நின்றது. ஷவ்வால் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை புத்தளத்தில் உம்மா வீட்டில் அதை நோற்றார். தனியே நோற்பது கஷ்டம் என்று உம்மாவும் அன்று உடன் நோற்றார். மாலையிற் கஞ்சி குடித்த பின், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் படிவம் ஒன்றை எடுத்து விரித்து, பிறந்த இடம் என்ற கோட்டுக்கு நேரே என்ன எழுதுவது என்று மகன் கேட்டாராம். “சோனகதெரு என்று வடிவாக எழுது” என்றாராம் அம்மையார்.